ஜன்னலைத் திறந்து வைக்கவும்

நவம்பர் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் சுகம்தானே? இங்கே மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம். வாண்டுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. சிரித்தால் கேட் இல்லாத வீடு மாதிரி இருக்கிறாள்.

ஹீட்டர் இரண்டும் நேற்று லாரியில் வந்து இறங்கின. என் அக்கா கம்பெனி ஹீட்டர், ஊழியர்களுக்கு மட்டும் கொடுக்கும் சலுகையில் வாங்கியது என்று தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்தாகிவிட்டது. ஒன்றை எங்கள் குளியலறையில் மாட்டியாயிற்று. இன்னொன்று பக்கத்து வீட்டு டீச்சருக்கு. உனக்குச் சொல்லியிருக்கிறேன், பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறார், அவர் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். பிள்ளை இல்லை, அதனால் வாண்டு பாதி நேரம் அங்கேதான். அவர்கள் குளியலறையும் எங்களுடையதும் ஒரே சுவரின் இரண்டு பக்கம். காலையில் அந்தப் பக்கம் ஹீட்டர் 'டப்' என்று பற்றினால் இந்தப் பக்கம் இவர் எழுந்துகொள்கிறார். அலாரம் மிச்சம்.

மாட்ட வந்தவன், "ரூம் சின்னதா இருக்கேம்மா" என்று கொஞ்சம் இழுத்தான். "நாங்களும் சின்ன ஆளுங்கதான், நீ மாட்டுப்பா" என்றேன். சிலிண்டரைத் திறந்து பற்றவைத்தான். ஐந்து நிமிடத்தில் கை வைக்க முடியாத வெந்நீர். இந்தக் குளிரில் உன்னை வாழ்த்தாமல் ஒருநாள்கூடக் குளிக்கமாட்டேன்.

புது வேலை எப்படி இருக்கிறது என்று எழுது. அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை


நவம்பர் 19

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் சௌக்கியம். அத்தானின் இடுப்புவலிதான் காலி பண்ணாத குடித்தனக்காரன் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. எங்கள் கம்பெனிப் பெயிண்ட் பிரிவில் நாள் முழுக்கக் குனிந்து நிற்க வேண்டியிருக்கிறதே, என்ன செய்வது.

என்னை மாற்றியது புகார்ப் பிரிவுக்கு. வாங்கியவர்கள் எழுதும் புகார்களுக்குப் பதில் டைப் அடிக்கிற வேலை. இங்கே ஒரு வழக்கம், கேட்டால் சிரிப்பாய். வருகிற கடிதத்தின் தலையை, அதாவது பேரும் ஊரும் இருக்கிற மேல்பகுதியை, தபால் பிரிவிலேயே கத்தரித்துவிடுவார்கள். மிச்சத்தில் ஒரு எண் ஒட்டி எங்கள் மேஜைக்கு வரும். யார் எழுதியது என்று தெரிந்தால் எங்களுக்கு மனசு இளகிவிடுமாம். பதிலில் எங்கள் பெயரும் இருக்காது. ஆளுக்கு ஒரு எண், கீழ்மூலையில் பொடி எழுத்தில் அடிக்க வேண்டும்.

பதிலுக்கும் மூன்றே மாதிரிதான். ஒன்று, 'தங்கள் கடிதம் பரிசீலனையில் உள்ளது.' இரண்டு, 'பொருளில் குறைபாடு ஏதுமில்லை, அச்சமின்றிப் பயன்படுத்தலாம்.' மூன்றாவதை எனக்கு இன்னும் காட்டவில்லை. "தேவைப்படும்போது காட்டுறேன்மா" என்கிறார் சூபரின்டென்ட். எதிலும் 'வருந்துகிறோம்' என்று எழுதக்கூடாது. எழுதினால் தப்பை ஒப்புக்கொண்டதாகக் கோர்ட்டில் எடுத்துக்கொள்வார்களாம், கம்பெனி வக்கீலின் உத்தரவு.

நாற்காலி நல்ல நாற்காலி. மின்விசிறிக்கு நேர் கீழே. வேறு என்ன வேண்டும்.

வாண்டுக்கு என் முத்தம். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்லவும்.

அக்கா


டிசம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானின் இடுப்பு எப்படி இருக்கிறது? ஒத்தடம் கொடுக்கிறாயா, இல்லை அவரைத் திட்டிக்கொண்டு மட்டும் இருக்கிறாயா?

இங்கே குளிர் எலும்பைத் துளைக்கிறது. குளியலறை ஜன்னலை அட்டை வைத்து அடைத்துவிட்டோம். டீச்சர் வீட்டிலும் அப்படித்தான். உள்ளே போனால் இட்லிச் சட்டி மாதிரி கதகதவென்று இருக்கிறது, வெளியே வர மனசில்லை.

கண்ணாடிக் கடையில் வேலை ஓய்வில்லை. டீச்சரே போன வாரம் வந்தார். "காலையில எழுந்து குளிச்சா போதும், தலை விண்ணுனு வலிக்குது. ஸ்கூலுக்குப் போய் ரெண்டு பீரியட் ஆனாத்தான் தெளியுது" என்றார். கண்ணைச் சோதித்ததில் கொஞ்சம் பவர் கூடியிருந்தது. புது லென்ஸ் நானே தேய்த்து, நானே பிரேமில் பொருத்திக் கொடுத்தேன். பக்கத்து வீட்டுக்காரருக்கு வேறு யாரை விட்டுச் செய்யச் சொல்வது?

வாண்டுதான் குளித்துவிட்டு வந்தால் துவண்டு படுத்துக்கொள்கிறாள். இரண்டு தடவை வாந்தியும் எடுத்தாள். பள்ளிக்கூடம் போகாமல் இருக்க நடிக்கிறாள் என்று இவர் சொல்கிறார். அவர் பெண்ணாயிற்றே, இருக்கலாம்.

பதில் எழுது.

உன் தங்கை


டிசம்பர் 26

சின்னவளுக்கு,

சுகம். நீங்கள் சுகமாக இருக்க வேண்டும்.

இனி ஹீட்டர் எரியும்போது ஜன்னலைத் திறந்து வை. அட்டையை இன்றே எடுத்து எறி. வாளியில் தண்ணீர் பிடித்துவிட்டு, ஹீட்டரை அணைத்துவிட்டு, அதற்கப்புறம் குளியுங்கள். வாண்டைத் தனியாக உள்ளே விடாதே. குளிர்ந்தால் குளிரட்டும்.

ஏன் என்று கேட்காதே. இதை நான் சொன்னதாக யாரிடமும் சொல்லவும் வேண்டாம். நமக்குள் இருக்கட்டும். நான் ஒரு ஏற்பாடு செய்கிறேன்.

அக்கா


ஜனவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன கடிதத்தில் ஒரு வார்த்தைகூட அத்தானைப் பற்றி இல்லை.

நீ சொன்னபடி அட்டையை எடுத்துவிட்டேன். ஒன்பதாம் தேதி உங்கள் கம்பெனியிலிருந்து ஒரு ஆள் வந்தான். புது மாடல் என்று ஒன்றை வெளிச்சுவரில் மாட்டி, குழாயை மட்டும் உள்ளே விட்டுவிட்டு, பழையதைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டான். "பக்கத்து வீட்லயும் இதேதான் இருக்கு, அதையும் மாத்திடுங்க" என்றேன். "லிஸ்ட்ல ஒண்ணுதாம்மா இருக்கு" என்று கையெழுத்து வாங்கினான். அன்றிலிருந்து வாண்டு துவளவில்லை, வாந்தி இல்லை. பள்ளிக்கூடத்துக்குத் துள்ளிக்கொண்டு போகிறாள். இப்போது சொல், அவள் நடித்தாளா?

டீச்சருக்குத் தலைவலி விடவில்லை. அவரிடம், ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று மட்டும் சொன்னேன். உன் பேச்சை எடுக்கவில்லை. கணக்கு டீச்சர் சும்மா விடுவாரா? "ஏன், எதுக்கு?" என்று குடைந்தார். எனக்கு என்ன தெரியும், முழித்தேன். "சரி, கம்பெனிக்கே எழுதிக் கேட்டுடறேன். உங்க அக்காவைத் தொந்தரவு பண்ண வேண்டாம், முறைப்படி போகட்டும்" என்று இரண்டு பக்கம் எழுதித் தபாலில் போட்டுவிட்டார்.

அக்கா, நேராகக் கேட்கிறேன். அந்த ஹீட்டரில் ஏதாவது கோளாறா? ஆமாம் என்றால் ஒரு வரி எழுது, போதும். நானே போய்க் கழற்றி வைக்கச் சொல்கிறேன்.

உன் தங்கை


பிப்ரவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று வாரத்துக்கு மேல் ஆயிற்று, பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

நல்ல வேளையாக டீச்சருக்கே பதில் வந்துவிட்டது. கம்பெனித் தாளில், முத்திரையோடு. 'பொருளில் குறைபாடு ஏதுமில்லை, அச்சமின்றிப் பயன்படுத்தலாம்' என்று இருக்கிறது. என்னிடம் காட்டி, "பாத்தியா, உன்னால ஒரு மாசம் நடுங்கிக்கிட்டே குளிச்சேன்" என்று சிரித்தார். ஜன்னலை மறுபடி அடைத்துவிட்டார்.

எனக்கும் பாரம் இறங்கியது. நீ வீணாகப் பயந்துவிட்டாய் போலிருக்கிறது. ஆனாலும் நீ ஒரு வரி எழுதினால் நிம்மதியாக இருக்கும்.

உன் தங்கை


பிப்ரவரி 15

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. நானும் அத்தானும் சுகம். பதில் தாமதமானதற்குக் காரணம் ஒன்றுமில்லை, வேலை. கம்பெனி குவார்ட்டர்ஸுக்கு வெள்ளை அடித்தார்கள், சாமான்களை நகர்த்தியதில் அத்தான் இடுப்பு மறுபடி பிடித்துக்கொண்டது. சமையலறைக்குப் பச்சைத் திரை வாங்கினேன். துணி நன்றாக இருக்கிறது, வெளுக்கிறதா என்று பார்த்துவிட்டு உனக்கும் இரண்டு அனுப்புகிறேன். எதிர் குவார்ட்டர்ஸில் ஒரு பூனை எட்டுக் குட்டி போட்டிருக்கிறது. வாண்டுக்கு வேண்டுமா என்று கேள்.

மாப்பிள்ளை சுகம்தானே? கடையில் உன்னை நிரந்தரம் ஆக்கிவிட்டார்களா?

டீச்சரையும் ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்.

அக்கா


பிப்ரவரி 27

அக்காவுக்கு,

டீச்சர் போய்விட்டார். பத்தொன்பதாம் தேதி காலை.

அன்றைக்கு வழக்கம்போல அந்தப் பக்கம் ஹீட்டர் பற்றுகிற சத்தம் கேட்டது. தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. நான் வாண்டுக்குத் தலை வாரினேன், டப்பா கட்டினேன், அப்போதும் தண்ணீர் சத்தம் நிற்கவில்லை. "இன்னைக்கு டீச்சர் தலைக்கு ஊத்துறாங்க போல, ஸ்கூலுக்கு லேட்டுதான்" என்று இவரிடம் சொன்னேன். சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டேன். டிரைவர் டியூட்டி முடிந்து பத்து மணிக்கு வந்து கதவை உடைத்திருக்கிறார். தண்ணீர் அப்போதும் ஓடிக்கொண்டிருந்ததாம். ஹீட்டரும் எரிந்துகொண்டிருந்ததாம். தூங்குகிற மாதிரி உட்கார்ந்திருந்தாராம், முகம்கூடச் சிவப்பாக, நல்ல நிறமாக.

எரியும்போது வருகிற வாயுதான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. முதலில் தலை வலிக்குமாம், அப்புறம் தூக்கம் வருமாம். இரண்டு மாதமாக அவருக்கு வலித்த தலைவலி அது. அதற்கு நான் கண்ணாடி மாற்றிக் கொடுத்திருக்கிறேன்.

உன் கடிதம் இருபதாம் தேதி வந்தது. பச்சைத் திரை, பூனை, கடைசியில் அந்த ஒரு வரி. வாசலில் நின்றபடி படித்தேன்.

தங்கை


மார்ச் 20

அன்புள்ள சின்னவளுக்கு,

கடிதம் கண்டேன். டீச்சரின் மறைவு பற்றி அறிந்தோம். இந்த நேரத்தில் அவர் குடும்பத்தாரின் துயரத்தில் எங்கள் எண்ணம் அவர்களோடு இருக்கிறது.

நீ உன் உடம்பைப் பார்த்துக்கொள். உன்னிடம் யாராவது வந்து விசாரித்தார்களா? எதிலாவது கையெழுத்து வாங்கினார்களா? உங்கள் வீட்டு ஹீட்டரை மாற்றியது பற்றி யாரிடமும் பேச்சு எடுக்காதே. எல்லாம் ஆறட்டும்.

வாண்டுவை விசாரித்ததாகச் சொல்.

அக்கா


ஜூன் 3

அக்காவுக்கு,

உன் மார்ச் மாதக் கடிதத்தை ஐந்தாறு முறை படித்தேன். 'மறைவு பற்றி அறிந்தோம்.' யார் அந்த 'ஓம்'? நீயும் சூபரின்டென்டுமா? ஐயோ பாவம் என்று ஒரு வார்த்தை எழுத உன் கைக்கு வரவில்லையே. என் அக்காவிடம் இருந்து வந்த கடிதம்தானா என்று கையெழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

டிரைவருக்கும் உங்கள் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஜன்னலை அடைத்து வைத்தது பயன்படுத்தியவரின் கவனக்குறைவு, கம்பெனி பொறுப்பல்ல என்று. அதுதான் உன் மூன்றாவது மாதிரியா? அந்த மனுஷன் அழவில்லை. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நேராக வக்கீலிடம் போனார். நுகர்வோர் கோர்ட்டில் வழக்குப் போட்டாயிற்று. "நஷ்டஈடு எனக்கு எதுக்கும்மா? அவ கவனக்குறைவா இருந்தான்னு எழுதியிருக்காங்க. கணக்கு டீச்சர்மா அவ. அதை அவங்க வாயாலயே இல்லைன்னு சொல்ல வைக்கணும்" என்கிறார்.

வக்கீல் என்னிடம் வந்தார். கம்பெனிக்குக் குறை முன்பே தெரியும் என்பதற்கு எழுத்தில் ஏதாவது வேண்டுமாம், இல்லாவிட்டால் வழக்கு நிற்காதாம். எழுத்து என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. டிசம்பர் இருபத்தாறு. அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. வாண்டுவைப் பார்க்கும்போதெல்லாம் உன்னைக் கும்பிடுகிறேன், என் பிள்ளையை நீதான் காப்பாற்றினாய். சுவருக்கு அந்தப் பக்கம் பார்க்கும்போது உன்னை என்ன செய்வது என்று தெரியவில்லை.

டீச்சருக்கு 'அச்சமின்றிப் பயன்படுத்தலாம்' என்று வந்த கடிதத்தையும் வக்கீல் காட்டினார். கீழ்மூலையில் பதினான்கு என்று இருக்கிறது. பதினான்கு யார், அக்கா?

ஜூலை முதல் வாரம்வரை பார்ப்பேன். நீ வந்து நடந்ததைச் சொல்வதாக இருந்தால் உன்னோடு நான் நிற்கிறேன். வேலை போனால் என் வீட்டில் வந்து இருங்கள், இருக்கிறதைப் பகிர்ந்து சாப்பிடுவோம். பதில் வராவிட்டால் கடிதங்களைக் கொடுத்துவிடுவேன்.

தங்கை


ஜூலை 8

அக்காவுக்கு,

நீ சுகமாக இருக்கிறாயா என்றுகூடத் தெரியவில்லை.

நேற்று சாயங்காலம் கொடுத்துவிட்டேன். உன் கடிதம் எல்லாவற்றையும். வக்கீலிடம் கொடுப்பதற்கு முன்னால் டிரைவரிடம்தான் கொடுத்தேன், முதலில் அவர்தான் படிக்க வேண்டும் என்று தோன்றியது. எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து படித்தார். டிசம்பர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். "உங்களுக்கு வந்த ஆளு, லிஸ்ட்ல ஒண்ணுதான்னு சொன்னானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

என் அக்கா கெட்டவள் இல்லை, பயந்தவள், அவளே கோர்ட்டுக்கு வந்து உண்மையைச் சொல்வாள் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். "வரட்டும்" என்றார். வந்துவிடு அக்கா. யாரும் உன்னைக் கட்டாயப்படுத்துவதற்கு முன்னால் நீயாக வந்துவிடு. இனிமேல் வருகிற கடிதத்தையும் மறைக்காமல் கொடுப்பதாக அவர் கையில் அடித்துச் சொல்லியிருக்கிறேன். அதனால் எது எழுதினாலும் யோசித்து எழுது.

உன் தங்கை


ஜூலை 9

என் அன்புச் சின்னவளுக்கு,

நீங்கள் மூவரும் நல்லபடியாக இருக்க வேண்டும். உன் ஜூன் மாதக் கடிதத்துக்கு இவ்வளவு நாள் பதில் எழுதாமல் இருந்தேன். தினமும் எழுத உட்கார்ந்து எழுந்துவிடுவேன். இன்றுதான் எழுதத் தைரியம் வந்தது, ஏனென்றால் எல்லாம் முடிந்துவிட்டது. இப்போது உன்னிடம் ஒளிக்க ஒன்றுமில்லை.

பதினான்கு நான்தான்.

இந்த ஹீட்டரில், தீ சரியாக எரியாவிட்டால் தானாக அணைக்கிற ஒரு சின்ன பாகம் இருக்க வேண்டும். போன வருடத்துச் சரக்கில் அது வேலை செய்வதில்லை. டிசம்பரில் ஒரே வாரத்தில் என் மேஜைக்கு ஆறு புகார் வந்தது. எல்லாவற்றிலும் தலைவலி, தூக்கம், வாந்தி. ஒன்றில் சாவு. உன் கடிதத்தில் வாண்டு துவள்கிறாள் என்று படித்த அன்றே ஜன்னலைத் திறக்கச் சொல்லி உனக்கு எழுதினேன். ஸ்டோர்காரனைக் கெஞ்சி ஒன்றை மாற்ற வைத்தேன். இரண்டு கேட்டால் ஏன் என்று கேட்பான். அதனால் ஒன்று.

அது எப்படியோ சூபரின்டென்ட் காதுக்குப் போய்விட்டது. அவர் என்னைக் கூப்பிட்டுக் கேட்ட அதே வாரம்தான் டீச்சரின் கடிதம் என் மேஜைக்கு வந்தது. தலை இல்லாமல்தான் வந்தது. ஆனால் இரண்டாவது பக்கத்தில், 'பக்கத்து வீட்டில் கண்ணாடிக் கடைப் பெண் ஒருத்தி இருக்கிறாள், அவள்தான் ஜன்னலைத் திறக்கச் சொன்னாள்' என்று இருந்தது. எனக்குத் தெரியும், சின்னவளே. தெரிந்துதான் இரண்டாவது மாதிரியை அடித்தேன். சூபரின்டென்ட் என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அன்றைக்கே உனக்கு எழுதிச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். உன் பிப்ரவரிக் கடிதம் வந்ததும் தந்தி ஆபீஸ் வரை போனேன். படிவத்தில் என் பெயரும் விலாசமும் எழுதச் சொன்னான். எழுதாமல் திரும்பி வந்துவிட்டேன். வந்துதான் அந்தப் பச்சைத் திரைக் கடிதத்தை எழுதினேன்.

நேற்று முன்தினம் கம்பெனி வக்கீல் என்னைக் கூட்டிப்போய்க் கோர்ட்டில் பிரமாணப் பத்திரம் கொடுக்க வைத்தார். அதில் குறை இருந்தது எனக்குத் தெரியாது, அதுபற்றி யாரிடமும் பேசியதும் இல்லை, எழுதியதும் இல்லை என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டிருக்கிறேன். "எழுத்துல ஏதாவது எங்கயாவது இருக்காம்மா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க. பின்னால வந்தா பொய்ச் சத்தியம்னு ஜெயிலுக்குப் போறது நீங்கதான், கம்பெனி இல்லை" என்று மூன்று தடவை கேட்டார். இல்லை என்றேன். அடுத்த மாதம் முதல் புகார்ப் பிரிவுக்கு நானே சூபரின்டென்ட். அத்தானுக்கு உட்கார்ந்து செய்கிற வேலை தருகிறார்கள். குவார்ட்டர்ஸையும் காலி செய்ய வேண்டியதில்லை.

கொடுத்துவிடுவேன் என்று எழுதியிருந்தாய். உன் கோபம் எனக்குத் தெரியாதா? சின்ன வயதில் வீட்டைவிட்டுப் போகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை போய் நிற்பாயே, அதே கோபம். நீ கொடுக்கமாட்டாய்.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். வாண்டுவைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று. உனக்கும் திரைத்துணி எடுத்து வைத்திருக்கிறேன். அந்த டிரைவரையும் ஒருமுறை பார்த்து ஆறுதல் சொல்ல வேண்டும், என்னை அவருக்கு அறிமுகம் செய்து வை.

நான் வருவதற்குள் பெட்டியில் இருக்கிற கடிதங்களை எரித்துவிடு. இதையும் படித்த கையோடு எரித்துவிடு. உன்னை நம்பித்தான் கையெழுத்துப் போட்டேன்.

உன் அக்கா